விமானத்தைப் பென்டிங்கில் வைக்க முடியாது

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. எதை நினைத்துக்கொண்டாலும் பொருந்தும். அங்கே ஜன்னலோர மேஜைக்கு மேலே ஒரு மின்விசிறி மூன்று கோடையாகச் சுற்றாமல் தொங்குகிறது. அதை ரிப்பேர் செய்யலாமா என்று கேட்கும் கோப்பு பாண்டிக்குப் போயிருக்கிறது. காரைக்காலில் எல்லாக் கோப்பும் பாண்டிக்குத்தான் போகும். நடுவில் தமிழ்நாடு இரண்டு மாவட்ட நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போய், தலைமை அலுவலகத்தில் மாடிப்படி ஏறி, ஒருவர் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் மேஜையில் இளைப்பாறி, ‘மேலும் விவரம் தேவை’ என்ற ஒற்றை வரியோடு அதே வழியாகத் திரும்பி வரும். விவரம் கொடுத்தால் மறுபடி கிளம்பும். காரைக்கால் கோப்புகள் ஓடிய தூரத்துக்கு ஒரு லாரி ஓடியிருந்தால், இந்நேரம் அதைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டிருப்பார்கள்.

அந்த விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பவர் தெட்சிணாமூர்த்தி. யு.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். வயது நாற்பத்தாறு. பிறந்தது போலகம், வேலைக்காகக் காரைக்காலில் வாடகை வீடு. இத்தனை வருட சர்வீஸில் ‘முடிவு செய்யப்பட்டது’ என்று அவர் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எழுதியதெல்லாம் ‘தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் முடிவு செய்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மெமோ வந்தது. இன்னொருவருக்கு ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கும் ஏனாமுக்கு மாறுதல் வந்தது. தெட்சிணாமூர்த்தி இரண்டையும் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவர்.

இப்படிப்பட்டவர்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினார்.

போலகத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு பகுதி ரோடு போடுவதற்குப் போனது; இழப்பீடு வந்தது. அண்ணன் தன் பங்கில் மாடி எடுத்தார். தம்பி தெட்சிணாமூர்த்தி தன் பங்கோடு ஒரு விமானப் பயிற்சி கிளப்பில் போய்ச் சேர்ந்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில். அண்ணனிடம், “டாக்டர் மனசுக்கு ஒரு மாறுதல் வேணும்னாரு” என்றார். டாக்டரிடம், “அண்ணன் ரொம்ப ஆசைப்படுறாரு” என்றார். பக்கத்து மேஜை ஆபித்திடம் மட்டும் ஒரு நாள் டீக்கடையில் உண்மையை உளறிவிட்டார். ஆபித் நிரவிக்காரர், இவரைவிட நன்றாக இளையவர், எதிலும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர்.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. மேலேருந்து யாரு வீட்டு மாடியைப் பாக்கணும் உங்களுக்கு?”

“சும்மா இருடா. கிளம்புன விமானம் இறங்கித்தானே ஆவணும்?”

“ஆவணும்.”

“அன்னைக்கே.”

“பெட்ரோல் தீர்றதுக்குள்ள இறங்கிட்டா நல்லது.”

“அதாண்டா. அதைப் பென்டிங்ல வைக்க முடியாது. பாண்டிக்கு அனுப்ப முடியாது. ஒரே ஒரு காரியத்தை நானே ஆரம்பிச்சு, அன்னைக்கே, பக்கத்துல யாரும் இல்லாம, எங்கையால முடிச்சுப் பாக்கணும். அவ்வளவுதான்.”

ஆபித் டீயை ஊதினார். “இதுக்கு ஒரு சைக்கிள் வாங்கியிருந்தா போதுமேண்ணே.”

“சைக்கிளை நடுவழியில நிறுத்திட்டு நிக்கலாம்டா” என்றார் தெட்சிணாமூர்த்தி. நின்று பார்த்தவர் சொல்வது போல இருந்தது.

வீட்டில் சொன்னது தனிக் கதை. அவர் மனைவி கமலாம்பாள் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கும், வீட்டில் ஒரு கணவருக்கும் சேர்த்து முடிவெடுப்பது அவர்தான். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, கேஸ் எப்போது பதிவது, கல்யாணத்துக்குப் போவதா மொய்யை மட்டும் அனுப்புவதா, எல்லாம். தினம் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்படும்.

“என்னங்க, ராத்திரிக்கு இட்லியா, தோசையா?”

“உனக்கு எது தோதோ அதைச் செய்யேன்.”

“என் தோதை நான் கேக்கலீங்க. உங்க வாய்க்கு என்ன வேணும்னு கேட்டேன்.”

“நீயே பாத்துச் செய் கமலா.”

கமலாம்பாள் பார்த்துச் செய்வார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துத்தான் செய்கிறார். அந்த வீட்டுக்கு அவர்தான் பாண்டி.

விமான விஷயத்தையும் தெட்சிணாமூர்த்தி அப்படித்தான் சமர்ப்பித்தார். “பிளேன் ஓட்டக் கத்துக்கலாம்னு ஒரு எண்ணம். நீ என்ன சொல்றே?”

கமலாம்பாள் சிவப்புப் பேனாவை மூடினார். “இதையும் நானே சொல்லணுமா?”

“இல்ல, உன் அபிப்பிராயம்...”

“போங்க. ஆனா நாளைக்குப் பாதியில விட்டுட்டு வந்து, ‘நீ சொன்னதாலதான் போனேன்’னு எம்மேல எழுதக்கூடாது.”

விமானப் பயிற்சி என்றதும் ஊரில் எல்லோரும் மேகத்தை நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பஸ். கிளப் மேற்கே, மலை தெரிகிற ஓர் ஊரில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை காரைக்கால் பஸ் நிலையத்தில் ஏறினால், இரண்டு இடத்தில் மாறி, சனிக்கிழமை விடியலில் இறங்கலாம். அவர் காரைக்காலில் ஏறும் அதே நேரத்தில் அங்கே எதிர்த்திசையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் திருநள்ளாறில் சனீஸ்வரனைக் கும்பிட்டுக் கஷ்டத்தைத் தொலைத்துவிட்டுப் போக வருகிறவர்கள். நாடே கஷ்டம் தீரக் காரைக்கால் பக்கம் வரும்போது, காரைக்கால்காரர் ஒருவர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அங்கே போனால் விமானம் இருக்காது. அதாவது இருக்கும், பறக்காது. ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். பாகம் வந்த வாரம் காற்று சரியிருக்காது. காற்று நின்ற வாரம் மலையடிவாரத்தில் மூட்டம். மூட்டம் விலகிய வாரம் யாரோ பெரிய மனிதரின் ஹெலிகாப்டர் வருகிறது என்று ஓடுபாதையை மூடிவிடுவார்கள். மற்ற மாணவர்கள், இருபது வயதுப் பிள்ளைகள், செருப்பைத் தேய்த்துக்கொண்டு அலைவார்கள், அலுத்துக்கொள்வார்கள். தெட்சிணாமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். காத்திருப்பதில் அவருக்கு அரசு ஊழியரின் முழுத் தகுதி இருந்தது.

படிப்பில் குறை சொல்ல முடியாது. வானிலை, வழியறிதல், விதிமுறை என்று மூன்று பரீட்சையும் முதல் தடவையிலேயே பாஸ். ரேடியோவில் பேசுவதற்கான பரீட்சையிலும் பாஸ். விதிப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் அவருக்கு உறக்கம் வராது. ஊரிலேயே அவர் ஒருவர்தான் அப்படி. மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி நின்றது. டாக்டர், “பதட்டப்படாதீங்க” என்றார். “சரிங்க சார்” என்றதும் இறங்கிவிட்டது. அந்த அளவுக்குக் கீழ்ப்படிதல்.

கஷ்டம் ஆசிரியர்களால் வந்தது. முதல் பயிற்றுநர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். “எந்த ஊர்?” என்றார். காரைக்கால் என்றதும் அவர் முகம் வெளுத்துக் கட்டிய வேட்டி போலப் பளிச்சென்று ஆனது. காரைக்கால்காரர்கள் தமிழ்நாட்டில் எங்கே போனாலும் பார்த்த முகம்தான் அது.

“அப்ப அடுத்த வாரம் வரும்போது ரெண்டு பாட்டில் சரக்கு... உங்க ஊர்ல விலை கம்மியாச்சே.”

“சார், செக்போஸ்ட் இருக்கு சார்.”

“யாருய்யா பிடிக்கப் போறான்?”

“பிடிச்சா என்ன சார் செய்யறது?”

அன்றோடு அந்த உறவு கசந்தது. அதற்குப் பிறகு அவர் கத்தித்தான் சொல்லிக்கொடுத்தார். பாதியில் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனிடம் போய்விட்டார். இரண்டாமவர் கத்தமாட்டார், விமானம் மேலே ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். அவரும் வேறு கிளப்புக்குப் போனார். ஒவ்வொரு புதியவரும் வந்த அன்று செய்வது ஒன்றுதான். பழையவர் பறப்பேட்டில் கையெழுத்துப் போட்டதைப் புரட்டிப் பார்த்து ‘ச்சு’ கொட்டி, “முதல்லேருந்து வருவோம்” என்பார். நேராகப் பறப்பது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது. அலுவலகத்தில் அதிகாரி மாறினாலும் இதேதான் என்பதால் தெட்சிணாமூர்த்திக்கு இதில் அநியாயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் முதுகு வலித்தது. பஸ் சீட்டின் அச்சு அவர் முதுகில் நிரந்தரமாக விழுந்துவிட்டது என்று கமலாம்பாள் சொன்னார்.

இப்படியே நாலு வருஷம். ஊர் முதலில் அவரை ‘பைலட் சார்’ என்றது. பிறகு, “இன்னும் ஓட்டவே விடலியா?” என்றது. பிறகு அதையும் கேட்பதை விட்டுவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் விஷ்ணுப்ரியா. திண்டுக்கல்காரர். வயது இருபத்தேழு. இவர் அவரை ‘மேடம்’ என்றார். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் இவரை ‘சார்’ என்றார். யாருக்கு யார் மேலதிகாரி என்பது அந்தச் சின்ன விமானத்தில் கடைசிவரை தீரவில்லை. ஆனால் தெட்சிணாமூர்த்தியின் நோய் என்ன என்று முதலில் கண்டுபிடித்தது விஷ்ணுப்ரியாதான்.

பயிற்சி விமானத்தில் இரண்டு பேர் முன்னாலும் ஒரே மாதிரிப் பிடி இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஓட்டிவிடக் கூடாது; இருவரும் விட்டுவிடவும் கூடாது. அதற்காக ஒரு வழக்கம். விட்டுக்கொடுப்பவர், “யூ ஹாவ் கன்ட்ரோல்” என்பார். இனி உங்கள் பொறுப்பு என்று அர்த்தம். வாங்கிக்கொள்பவர், “ஐ ஹாவ் கன்ட்ரோல்” என்பார். தெட்சிணாமூர்த்தி இதில் முதல் வாக்கியத்தில் விற்பன்னர். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் அசைந்தால் போதும், விமானத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றில்லை, ஓடுபாதை நேர் எதிரே, எல்லாம் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. தரை ஒரு தென்னைமர உயரத்தில் இருக்கும்போது விஷ்ணுப்ரியா இருமினார்.

“யூ ஹாவ் கன்ட்ரோல், மேடம்!”

விஷ்ணுப்ரியா பாய்ந்து பிடித்து எப்படியோ இறக்கினார். விமானம் நின்றதும் அவர் பக்கம் திரும்பினார்.

“ஏன் சார் குடுத்தீங்க? நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்தீங்க!”

“இல்ல மேடம்... நீங்க ஏதோ அபிப்பிராயம் சொல்ல வர்றீங்கன்னு நினைச்சேன்.”

“எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல சார். சளி.”

மறுவாரம் விஷ்ணுப்ரியா அவருக்கு வேறு வைத்தியம் பார்த்தார். “சார், இன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். கையையும் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தெட்சிணாமூர்த்தி பறந்தார். “மேடம், கொஞ்சம் உயரமா இருக்கற மாதிரி தெரியுது” என்றார். பதிலில்லை. “குறைக்கலாம்னு ஒரு கருத்து.” விஷ்ணுப்ரியா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். “குறைக்கலாங்களா மேடம்?” மலை நன்றாகத்தான் இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அத்தனை மெத்தென்று இறங்கினார்.

“சார்,” என்றார் விஷ்ணுப்ரியா, மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே, “நீங்க உயரத்தைக் குறைச்சு முடிச்சதுக்கு அப்புறந்தான் குறைக்கலாமான்னு என்னைக் கேட்டீங்க. உங்க கை முடிவு பண்ணிடுது. வாய்தான் ஃபைல் போட்டுக்கிட்டிருக்கு.”

“அப்ப என்னைத் தனியா அனுப்பலாங்களா மேடம்?”

“பக்கத்துல ஆள் இல்லேன்னா யார்கிட்ட கேப்பீங்க?”

தெட்சிணாமூர்த்தி யோசித்தார். “ரேடியோ இருக்கே மேடம்.”

விஷ்ணுப்ரியா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றும் தனியாக அனுப்பவில்லை.

மாணவர் தனியாகப் போகலாம் என்று பயிற்றுநர் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்காதவரை அவர் விமானத்தில் ஏறும் ஆள், அவ்வளவுதான். இருபது வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனியே போய் வந்தார்கள். தெட்சிணாமூர்த்தி சுவரோர நாற்காலியிலிருந்து கை தட்டினார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷ்ணுப்ரியா அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறுதான் இங்கே கடைசி. நாலாவதாக ஒருவர் வருகிறார்.

நாலாவது ஆள். ‘ச்சு’. முதலிலிருந்து.

அன்று வீடு வந்து சேர்ந்ததும் பையைக்கூட இறக்காமல் தெட்சிணாமூர்த்தி சொன்னார்: “இன்னொரு தடவை முதல்லேருந்து என்னால ஆவாது கமலா. வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மேடம் தனியா விட்டா சரி. இல்லேன்னா அதோட விட்டுடுறேன்.”

கமலாம்பாள் பரீட்சைத் தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “இது நீங்களே எடுத்த முடிவா?”

“ஆமா.”

“நல்லாருக்கு. மொத மொதல்ல எடுத்த முடிவே நிறுத்துறதா இருக்கு.”

“நீ என்ன சொல்றே?”

“விடுங்கன்னும் சொல்ல மாட்டேன், விடாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு அலுத்துப்போச்சுங்க. இட்லி அவிச்சிருக்கேன், சாப்பிடுங்க.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மேஜையைப் பூட்டும்போது ஆபித் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, கடைசி ஆட்டமாமே? அண்ணி சொன்னாங்களாம்.”

“ஆமாடா.”

“துவா செய்றேண்ணே. ஒண்ணு மட்டும். மேலே போனதும் யாரையும் எதுவும் கேட்டுடாதீங்க. எங்களைத்தான் கேட்டுக் கேட்டுக் கொல்றீங்க. அந்த மிஷினாச்சும் பிழைச்சுப் போவட்டும்.”

சனிக்கிழமை முழுக்கப் புழுதிக்காற்று. சாயங்காலம்வரை நாற்காலி. ஞாயிறு காலை காற்று அடங்கியிருந்தது. விஷ்ணுப்ரியாவும் அவருமாக ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்: ஏறுவது, ஒரு வட்டம் அடிப்பது, இறங்குவது. மூன்றாவது தடவை இறங்கியதும் விஷ்ணுப்ரியா, “அப்படி ஓரமா நிறுத்துங்க சார். எஞ்சினை ஆஃப் பண்ண வேணாம்” என்றார். பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்தார்.

“எங்க மேடம் போறீங்க?”

“கால் மரத்துப்போச்சு. நான் நடந்து போறேன். நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

“தனியாவா?”

விஷ்ணுப்ரியா காலி இருக்கையின் பெல்ட்டைக் குறுக்கே மாட்டி இழுத்துப் பூட்டினார். “யாராவது உக்காந்திருக்காங்களா?”

“இல்ல மேடம், உங்க அபிப்பிராயம் என்னன்னு...”

கதவு மூடிக்கொண்டது.

ஓர் ஆள் கனம் குறைந்ததும் விமானம் கழுத்துக் கயிறு அறுந்த கன்றுக்குட்டி மாதிரி எகிறியது. தெட்சிணாமூர்த்தி எதிர்பார்ப்பதற்குள் மரங்கள் கீழே போய்விட்டன. இடது பக்கம் திரும்பினார். மறுபடி திரும்பினார். கீழே கிளப்பின் தகரக் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, அது விஷ்ணுப்ரியா. வலது பக்கம் பார்த்தார். யாருக்காகவோ பெல்ட் மட்டும் உட்கார்ந்திருந்தது. யாரும் இருமவில்லை. வாய் என்னவோ சொல்ல வந்தது. கேட்க ஆளில்லாததால் விழுங்கிக்கொண்டார். கடைசித் திருப்பம். ஓடுபாதை நேர் எதிரே நீண்டு கிடந்தது. வேகம் சரி, உயரம் சரி. இனி ஒன்றுமில்லை, இறங்க வேண்டியதுதான்.

அப்போது ஓடுபாதை அசைந்தது.

ஆடுகள். ஒரு மந்தையே. வேலியில் ஓரிடத்தில் ஓட்டை உண்டு என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை அடைக்க அனுமதி கேட்டு எங்கேயோ ஒரு கோப்பு போயிருக்கும் என்று தெட்சிணாமூர்த்திக்கு மட்டும் அந்த நிலையிலும் தோன்றியது. பழக்கம் விடுமா? விரல் தானாக ரேடியோ பொத்தானை அழுத்தியது.

“ரன்வேல ஆடுங்க இருக்கு. நான் என்ன செய்யணும்?”

ரேடியோ அறையில் இருந்தவர் நிதானமானவர். “ஆடு தெரியுது. சே இன்டென்ஷன்ஸ்” என்றார். நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள், சொல்லுங்கள் என்று அர்த்தம். வானத்தில் அப்படித்தான் கேட்பார்கள். ஓட்டுகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

சர்வீஸில் சேர்ந்த நாள் முதல் தெட்சிணாமூர்த்தியிடம் யாரும் கேட்காத கேள்வி. அரசாங்கம் கேட்டதில்லை, எந்த அதிகாரியும் கேட்டதில்லை. கமலாம்பாள் மட்டும் தினம் சாயங்காலம் கேட்டிருக்கிறார்.

விமானம் பதிலுக்காக நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. முன்னால் போன ஆட்டின் கொம்பு தெரிந்தது. தெட்சிணாமூர்த்தி பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தக் காலி பெல்ட்டிடம், சத்தமாக, “ஐ ஹாவ் கன்ட்ரோல்” என்றார்.

விசையை முழுக்க முன்னே தள்ளினார். எஞ்சின் இரைந்தது. மூக்கு நிமிர்ந்தது. ஆடுகளும் ஆட்டுக்காரரும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்து, சக்கரத்துக்கு வெகு கீழே பின்தங்கிப் போனார்கள்.

“கோயிங் அரவுண்ட்” என்று ரேடியோவில் தெரிவித்தார். சமர்ப்பிக்கவில்லை; தெரிவித்தார். இறங்காமல் மறுபடி சுற்றி வருகிறேன் என்று பொருள்.

இன்னொரு வட்டம். கீழே கிளப் காவலாளி மொபெட்டில் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு புள்ளி கையை வீசிக்கொண்டு ஓடியது. தெட்சிணாமூர்த்தி உயரத்தைக் குறைத்தார். வேகத்தைக் குறைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஓடுபாதையில் புழுக்கை மட்டும் இருந்தது. விமானம் தரையில் பட்டு, துள்ளி, மறுபடி பட்டு, இன்னும் ஒருமுறை அரைமனதாகத் துள்ளி, ஓடியது. அவர் இறக்கியதிலேயே மோசமான இறக்கம் அதுதான். முழுக்க அவருடையது.

கொட்டகை முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சந்தோஷம் வரும் என்று அப்படியே உட்கார்ந்து காத்திருந்தார். அலுப்புத்தான் வந்தது. நாலு வருஷத்துப் பஸ் அலுப்பு மொத்தமாகச் சேர்ந்து வந்து மடியில் உட்கார்ந்தது. கதவைத் திறந்து இறங்கவே தெம்பில்லை.

விஷ்ணுப்ரியா மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு வாளி. பின்னால் இருபது வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாளியோடு.

“மேடம், ஒரே சட்டைதான் மேடம் இருக்கு.”

“முதல் தடவை தனியாப் போயிட்டு வந்தா தண்ணி ஊத்தணும் சார். வழக்கம்.”

வழக்கம் என்று சொல்லிவிட்டால் அரசு ஊழியர் எதிர்ப்பதில்லை. குனிந்து கொடுத்தார்.

நனைந்தபடியே பறப்பேட்டை விரித்தார். அதில் ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் பொறுப்பு யாருடையது என்று எழுதும் கட்டம் உண்டு. நாலு வருஷமாக அந்தக் கட்டத்தில் பயிற்றுநர்களின் பெயர்தான். பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கேட்கப் போகிறார் என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது; சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார். தெட்சிணாமூர்த்தி தன் பெயரை எழுதினார். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

லைசென்ஸ் இன்னும் தொலைவில்தான். ஊர்விட்டு ஊர் தனியாகப் பறக்க வேண்டும், கடைசிப் பரீட்சை இருக்கிறது. நாலாவது ஆள் வருவார், ‘ச்சு’ கொட்டுவார், முதலிலிருந்து என்பார். சொல்லட்டும். அந்த ஒரு வரியை யாராலும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவர் சட்டையைப் பார்த்து, “எங்க சார் மழை?” என்று கேட்டார். “மேற்கே” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கமலாம்பாள் தாள்களுக்கு நடுவே இருந்தார். சட்டையில் காய்ந்த தண்ணீர்க் கறை. நாலு வருஷம் முன்னால் அந்த வழக்கத்தைப் பற்றி அவர் சொன்னது கமலாம்பாளுக்கு நினைவிருந்தது.

“என்ன, ஊத்திட்டாங்களா?”

“ஊத்திட்டாங்க.”

“ம்.” கமலாம்பாள் அவரை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “சரி, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?” கேட்டது வாய்தான், பதிலுக்கு நிற்காமல் கால் ஏற்கெனவே அடுப்பங்கரைக்கு நடந்துகொண்டிருந்தது.

“தோசை.”

கமலாம்பாள் நின்றார். “என்னது?”

“தோசை. முறுகலா.”

பிறகு கமலாம்பாள் மெல்லச் சொன்னார்: “மாவு தீந்துபோச்சுங்க.”

ஓடுபாதையில் மறுபடி ஆடு. தெட்சிணாமூர்த்தி பையை இறக்கி வைத்தார். “அப்ப உப்புமா. நான் கிண்டுறேன். நீ உக்காரு.”

கமலாம்பாள் உட்கார்ந்தார்.

“ரவைக்கு எவ்வளவு தண்ணி கமலா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடத்தில் பதிலில்லை. “ரெண்டு பங்கா, மூணு பங்கா?” பதிலில்லை. எட்டிப் பார்த்தார். கமலாம்பாள் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், கையில் மூடாத சிவப்புப் பேனாவோடு. தெட்சிணாமூர்த்தி உள்ளே போய்த் தண்ணீரை ஊற்றினார்.

எழுப்பித் தட்டைக் கொடுத்தபோது கமலாம்பாள் தூக்கக் கலக்கத்தில், “உப்பு போட்டீங்களா?” என்றார்.

“போட்டேன்.”

“எவ்வளவு?”

“போட்டேன்.”

உப்பு கூடத்தான் இருந்தது, உப்புமா குழைந்தும் இருந்தது. கமலாம்பாள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.